வாபஸ் மனுவில் ஒரு வரி

பிராது எழுத மூன்று நாள் எடுத்துக்கொள்ளும் வக்கீல், அதே வழக்கை வாபஸ் வாங்க மூன்று நிமிடம்கூட எடுத்துக்கொள்வதில்லை. வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து, "வாதி தரப்பில் வலியுறுத்தவில்லை" என்று சொல்லி, வழக்குக் கட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. 'நாட் பிரஸ்டு' என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். டைரியில் அந்த எண்ணை அடித்துவிட்டு அடுத்த கட்டை எடுப்போம்.

திட்டக்குடியிலும் விருத்தாசலத்திலுமாக முப்பது வருஷத்துக்கு மேல் சிவில் பக்கம் மட்டுமே நின்றவன் நான். வரப்புத் தகராறு, வண்டிப்பாதை, பாகப்பிரிவினை, பிராமிசரி நோட்டு என்று வெள்ளாற்றின் இரு கரையிலிருந்தும் வந்த வழக்குகள். குறுக்கு விசாரணையைப் பற்றியும் வாதத்தைப் பற்றியும் பேசச் சொன்னால் எந்த வக்கீலும் ராத்திரி முழுக்கப் பேசுவார். வாபஸ் வாங்குவதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கோ, என் தொழிலில் எதைக் கற்றுக்கொள்ள அதிக விலை கொடுத்தேன் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். விலையைக் கொடுத்தது நான் அல்ல, என் கட்சிக்காரர்.

தொழிலுக்கு வந்த முதல் சில வருஷங்களில் நடந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர். பருத்தியும் சோளமும் போடும் அறுபது சென்ட் சொச்சம் புன்செய். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தாண்டி வருகிறார் என்று நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு வழக்குப் போட்டேன். கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்தது. அவர் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போய், புலப்படத்தை விரித்துச் சங்கிலி பிடித்து அளந்தார். அப்போதுதான் தெரிந்தது: பிராதில் நான் போட்டிருந்த உட்பிரிவு எண் அடுத்த புலத்தினுடையது. நான்கு எல்லையும் சரி, விஸ்தீரணமும் சரி, எண் மட்டும் தப்பு. பழைய கிரயப் பத்திரத்தில் இருந்த தப்பை அப்படியே பார்த்து எழுதியிருந்தேன்.

எனக்குக் கை நடுங்கியது. பெரியவரிடம் சொன்னேன். "இந்த வழக்கை வாபஸ் வாங்கிட்டு, சரியான நம்பரைப் போட்டுப் புதுசா போட்டுக்கலாம்யா." அவர், "நீங்க பாத்து செய்யுங்க தம்பி" என்றார். அடுத்த வாய்தாவில் எழுந்து அந்த ஒரு வரியை எழுதினேன். வழக்கு வலியுறுத்தப்படாததால் தள்ளுபடி. இரண்டே மாதத்தில் புது வழக்கை மிகுந்த கவனத்தோடு எழுதித் தாக்கல் செய்தேன்.

எதிர்த் தரப்பு வக்கீல் அனுபவஸ்தர். எதிருரையில் ஒரே ஒரு பத்திதான் அவர் உழைத்து எழுதியிருந்தார். முந்தைய வழக்கு கோர்ட்டின் அனுமதி இல்லாமல் கைவிடப்பட்டது. இரண்டு பிராதிலும் நான்கு எல்லைகள் ஒன்றே. ஆகவே இது அதே விஷயம், இந்த வழக்கு நிலைக்காது. எண் வேறாயிற்றே என்று நான் வாதாடினேன். சர்வே எண்ணுக்கும் எல்லைக்கும் முரண்பாடு வந்தால் எல்லைதான் நிற்கும் என்பது சிவில் வக்கீல்களின் பாலபாடம். எத்தனையோ வழக்கில் நானே சொன்ன பாடம் அன்றைக்கு என் தலையில் இறங்கியது. வழக்கு போயிற்று. விருத்தாசலம் சப்-கோர்ட்டில் போட்ட மேல்முறையீடும் போயிற்று.

இன்னும் வேதனை என்னவென்றால், அந்த முதல் வழக்கை வாபஸ் வாங்கவே தேவையில்லை. ஆர்டர் 6 ரூல் 17-ல் ஒரு திருத்த மனு போட்டு எண்ணை மாற்றியிருக்கலாம். வாபஸ்தான் வேண்டுமென்றால் அனுமதி கேட்டு ஒரு மனு போட்டிருக்கலாம். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் அவர் வழக்கு உயிரோடு இருந்திருக்கும்.

தீர்ப்பைச் சொல்ல அவரைக் கோர்ட் வாசல் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நெலம் என்னுது இல்லியா தம்பி?" என்றார். "அப்படி கோர்ட் சொல்லலய்யா. இனிமே இதக் கேட்டு வர முடியாதுன்னுதான் சொல்லுது" என்றேன். சட்டப்படி நான் சொன்னது சரி. கைவிட்டதால் உரிமை அழிவதில்லை, வழக்குப் போடும் வழி மட்டும்தான் அடைபடுகிறது. அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கேக்க முடியாதது எப்படி தம்பி என்னுது ஆவும்?"

அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரி சிவில் நடைமுறைச் சட்டத்தை எடுத்து ஆர்டர் 23-ஐ முதன்முறையாக ஒரு வரி விடாமல் படித்தேன். 1908-ஆம் வருஷத்துச் சட்டம். அந்த ஆர்டரின் முதல் ரூல் இப்போதிருக்கும் வடிவம் 1976 திருத்தத்தில் வந்தது. அதில் இரண்டு சொற்கள் தனித்தனியாக நிற்கின்றன. ஒன்று கைவிடுவது, மற்றொன்று அனுமதியோடு திரும்பப் பெறுவது. கைவிடுவது வாதியின் இஷ்டம். பெரும்பாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு விலை, நான்காவது உட்பிரிவு: எதிர்த் தரப்பின் செலவுத்தொகையைக் கட்டச் சொன்னால் கட்ட வேண்டும், அதே விஷயத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. அனுமதியோடு திரும்பப் பெறுவதற்குக் கோர்ட் திருப்தி அடைய வேண்டும். வடிவக் குறை ஒன்றினால் வழக்கு தோற்றே தீரும் என்பது ஒரு காரணம். புது வழக்குக்குப் போதுமான வேறு காரணம் இருக்கிறது என்பது இன்னொன்று. அந்த அனுமதி உத்தரவில் இருந்தால் மட்டுமே மறுபடி வரலாம்.

என் தங்கை மகன் அமெரிக்காவில் சட்டம் படிக்கிறான். ஒருநாள் போனில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "மாமா, இங்க ஃபெடரல் கோர்ட்டுல ரூல் 41-னு ஒண்ணு இருக்கு. எதிர்த் தரப்பு பதில் போடறதுக்கு முன்னாடி ஒரு நோட்டீஸ் கொடுத்தா போதும், ஜட்ஜ் கையெழுத்துகூட வேணாம்" என்றான். அது 1938-லிருந்தே இருக்கும் விதித் தொகுப்பு. எதிர்த் தரப்பு பதிலோ, விசாரணையின்றித் தீர்ப்புக் கேட்கும் மனுவோ போடுவதற்கு முன்னால் வாதி தானாகவே விலகிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு எல்லாத் தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையேல் கோர்ட் உத்தரவு வேண்டும். ஆனால் என்னை உலுக்கிய வேறுபாடு இது இல்லை. அங்கே எதுவும் எழுதாமல் விலகினால், மறுபடி வரலாம் என்றே அர்த்தம். இரண்டாம் தடவையும் அப்படி விலகினால்தான் தீர்ப்புக் கண்டதுபோல் ஆகும். இங்கே எதுவும் எழுதாமல் விலகினால் முதல் தடவையே முடிந்தது. அங்கே வக்கீல் மறந்தால் கட்சிக்காரர் பிழைத்துக்கொள்வார். இங்கே வக்கீல் மறக்கக் கூடாது.

வடிவக் குறை என்றால் என்ன? வழக்கின் உள்ளியல்பைத் தொடாத குறை. அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடும்போது செக்ஷன் 80-ன்படி இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்காமல் விட்டது; சேர்க்கக் கூடாதவரைக் கட்சியாகச் சேர்த்தது; மதிப்பீடு தப்பியது; கோர்ட் கட்டணம் குறைந்தது; சொத்தை அடையாளம் காட்டுவதில் வந்த குழப்பம். இவற்றையெல்லாம் சுப்ரீம் கோர்ட்டே வரிசைப்படுத்திச் சொல்லியிருக்கிறது. கடைசியில் சொன்னதைப் படிக்கும்போதெல்லாம் பெரியவரின் அறுபது சென்ட் நினைவுக்கு வரும். சாட்சி பலவீனம், ஆவணம் கிடைக்கவில்லை, தோற்றுவிடுவோம் போலிருக்கிறது என்பதெல்லாம் வடிவக் குறை ஆகாது. அதை மறைத்து வேறு பெயர் வைத்து மனு எழுதச் சொல்லிக் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். நான் எழுதுவதில்லை. எதிரில் நிற்பவரும் பஸ் பிடித்து, வேலையை விட்டு, வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு வந்தவர்தான். தோற்கப்போகும் ஆட்டத்தைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆடலாம் என்று அவர் தலையில் கை வைக்க எனக்கு மனம் வராது.

அனுமதி வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் இல்லை. அடுத்த ரூலே எச்சரிக்கிறது: முதல் வழக்கே போடாததுபோல் கணக்கிட்டுத்தான் புது வழக்குக்குக் காலவரையறை பார்க்கப்படும். பிராமிசரி நோட்டுக் கடனுக்கு மூன்று வருஷம். மூன்றாம் வருஷக் கடைசியில் போட்ட வழக்கை, நான்காம் வருஷம் அனுமதியோடு வாபஸ் வாங்கினால், அனுமதி கையில் இருக்கும், காலம் போயிருக்கும். அதிகார வரம்பு இல்லாத கோர்ட்டில் தெரியாமல் போட்டதுபோன்ற குறை என்றால் 1963 காலவரையறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கைகொடுக்கும். மற்றக் குறைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் வாபஸ் மனு எழுத உட்காரும்போது நான் முதலில் எடுப்பது நாள்காட்டி. சட்டப் புத்தகம் அப்புறம்தான்.

இதுவரை சொன்னது காகித வேலை. இதைவிடக் கடினமானது, எதிரில் உட்கார்ந்து "வாபஸ் வாங்கிடறேன் சார்" என்று சொல்பவரின் குரலைக் கேட்பது.

சில வருஷங்களுக்கு முன் அக்கா தங்கை இரண்டு பேர், அண்ணன்மேல் போட்ட பாகப்பிரிவினை வழக்கு. தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்களுக்குப் பிறப்பால் பங்கு என்று சட்டம் வந்தது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் பங்கு கேட்டு வழக்குப் போடும் பெண்ணுக்கு அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வராது. அக்கா ஒருநாள் வந்து வாபஸ் என்றார். அண்ணன் அவர் பின்னாலேயே நின்றார். அண்ணனிடம், "நீங்க கொஞ்சம் வெளிய டீ சாப்பிட்டு வாங்க" என்றேன். அவர் போனதும் கேட்டேன், "ஏம்மா, மனசார சொல்றீங்களா?" மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், தாய்மாமன் சீர் இல்லாமல் எப்படி மேடையில் நிற்பது? அதுதான் காரணம். அதைக் குறைவான காரணம் என்று சொல்ல நான் யார்?

தங்கை சம்மதிக்கவில்லை. அவர் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்றில் வேலை செய்பவர். அச்சில் ஊற்றி, காயவைத்து, விளிம்பு சீவி, சூளைக்கு அனுப்புகிற வேலை. பல வாதிகளில் ஒருவர் மற்றவரின் சம்மதமில்லாமல் கைவிடக் கோர்ட் அனுமதிக்க முடியாது என்று ஐந்தாம் உட்பிரிவு சொல்கிறது. இதை அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் அவர் கேட்டார்: "சார், வேகாத பொம்மை உடைஞ்சா தொட்டித் தண்ணில போடுவோம், கரைஞ்சு மறுபடி மண்ணாயிரும். சூளைல வெந்தது உடைஞ்சா ஒண்ணுத்துக்கும் ஆவாது. அக்கா பண்ணச் சொல்றது எது?"

இருபது வருஷமாக ஜூனியர்களுக்கு நான் சொல்லிப் புரியவைக்க முடியாததை அவர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். "அனுமதி வாங்கிட்டு எடுத்தா வேகாதது. சும்மா கைவிட்டா வெந்தது" என்றேன். "தீர்ப்பு வந்தப்புறம்?" என்றார். அதுவும் கிட்டத்தட்ட வெந்ததுதான். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், இரண்டாவது மேல்முறையீட்டுக் கட்டத்தில் புது வழக்குக்கு அனுமதியோடு வாபஸ் கொடுத்ததை 2000-ல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. தீர்ப்பு வந்த பிறகு அனுமதி கொடுத்தால் எதிர்த் தரப்பு அந்தத் தீர்ப்பினால் அடைந்த உரிமை பறிபோகும், அதனால் கோர்ட் மிகுந்த எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்த வழக்கில் என்ன செய்தோம்? அக்காவை வாதி வரிசையிலிருந்து எடுத்துப் பிரதிவாதி வரிசையில் வைத்தோம். பாகப்பிரிவினையில் எல்லோருக்கும் பங்கு உண்டு, எந்தப் பக்கம் நின்றாலும். தங்கையின் வழக்கு நின்றது, அக்கா அண்ணனை எதிர்த்து நிற்கவும் இல்லை. கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரும் வந்தது. தங்கைக்கு மட்டும் பத்திரிகை வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மைனர் பிள்ளைகள் பெயரில் போட்ட வழக்கு என்றால் சட்டம் வக்கீலையே நிறுத்திக் கேட்கிறது. கோர்ட் அனுமதியில்லாமல் எதையும் கைவிட முடியாது. இந்தக் கைவிடல் மைனரின் நன்மைக்கே என்று வக்கீல் சான்றிதழ் எழுதித் தர வேண்டும். வாழ்க்கையில் இரண்டு தடவைதான் அதை எழுதியிருக்கிறேன். இரண்டு தடவையும் கையெழுத்துப் போடும் முன் ஒரு ராத்திரி வைத்திருந்தேன்.

வக்காலத்துப் படிவத்தில் ராஜி பேசவும் வாபஸ் வாங்கவும் வக்கீலுக்கு அதிகாரம் அச்சிலேயே இருக்கிறது. கட்சிக்காரர் அதைப் படித்திருக்க மாட்டார். நான் அந்த அச்சை நம்பி எதுவும் செய்வதில்லை. மெமோவைத் தமிழில் எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, "இதுக்கப்புறம் இந்த நெலத்துக்கு இந்தக் காரணத்துக்காகக் கோர்ட்டுக்கு வர முடியாது, சம்மதமா?" என்று கேட்டு, அவர் கையெழுத்தோ ரேகையோ வாங்கிய பிறகுதான் என் கையெழுத்து. பாதிப் பேர் அந்தக் கேள்வியைக் கேட்டதும், "இருங்க சார், வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று எழுந்து போவார்கள். போகட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டு வந்து, "வாபஸ் போட்டுடுங்க" என்பார்கள். வெறும் 'வலியுறுத்தவில்லை' என்று எழுதினால் கட்டிய கோர்ட் கட்டணம் போனதுதான். பணம் சம்பந்தப்பட்ட வழக்கில் அது சின்னத் தொகை இல்லை. கோர்ட் அனுப்பிவைத்துச் சமரசம் ஆனால்தான் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதைத் தெளிவுபடுத்தியது. கட்சிகள் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும், தமிழ்நாடு கோர்ட் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே மெமோவில், "இரு தரப்பும் வெளியில் சமரசமாகிவிட்டபடியால்" என்ற சொற்களையும், கட்டணத்தைத் திருப்பித் தரக் கேட்கும் வேண்டுதலையும் சேர்க்கிறேன். அந்த நாலு சொல் ஒரு குடும்பத்துக்கு ஒரு போகத்து விதைச் செலவாக இருக்கலாம்.

வாபஸ் வாங்கியதையே வாபஸ் வாங்க முடியுமா? பெரியவர் விஷயத்தில் நான் புது வழக்குப் போட ஓடியதற்குப் பதிலாக, அதே கோர்ட்டுக்குப் போய்ச் செக்ஷன் 151-ன்கீழ் என் தவறை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அப்போது எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. தகுந்த காரணம் இருந்தால் வாபஸ் உத்தரவைத் திரும்ப அழைக்கக் கோர்ட்டுக்கு இயல்பான அதிகாரம் உண்டு என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவிலும் ஹாலிபர்டன் நிறுவனத்துக்கு எதிராக வயது பாகுபாடு என்று வழக்குப் போட்ட ஊழியர் ஒருவர், மத்தியஸ்தத்துக்குப் போவதற்காகத் தானாகவே வழக்கை விலக்கிக்கொண்டார். அங்கே தோற்றார். பழைய வழக்கைத் திறக்கக் கேட்கலாமா என்ற கேள்வி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கேட்கலாம் என்று 2025 பிப்ரவரியில் ஏகமனதாகத் தீர்ப்பு வந்தது. தங்கை மகன் அதை அனுப்பியிருந்தான். அவனுக்கு அது படிப்பு. எனக்கு அது வேப்பமரத்தடி.

பெரியவரின் நிலத்தில் ஆறேழு வருஷம் கழித்து எதிர்த் தரப்பு வரப்பையே வெட்டிச் சாய்த்தது. அப்போது அவர் இல்லை, மகன் வந்தார். முதலில் அவரிடம் நடந்த தவறைச் சொன்னேன், பிறகுதான் வழக்கைப் பேசினேன். புதிதாக ஒரு காரியம் நடந்து புது வழக்குமூலம் உண்டானால் அது பழைய விஷயம் அல்ல என்று 1970-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டேன். அந்த முறை எல்லை, எண், விஸ்தீரணம் மூன்றையும் நிலத்தில் நின்று சர்வேயரோடு சரிபார்த்த பிறகே எழுதினேன். விசாரணைக்கு முன்பே இரு வீட்டாரும் கல் நட்டு ராஜியானார்கள். பீஸ் வாங்கவில்லை. அந்த மகன் கொண்டுவந்து வைத்த பருத்தி மூட்டையையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

போன வாரம் என் ஜூனியர் பெண் ஒரு வாபஸ் மனு எழுதிக் கொண்டுவந்தார். பாதைத் தகராறு, தாசில்தாரையும் கட்சியாகச் சேர்த்திருந்தோம், அறிவிப்புக் கொடுக்கத் தவறியிருந்தோம். பிரமாணப் பத்திரம் நன்றாக இருந்தது. வேண்டுதலை இரண்டாகப் பிரித்திருந்தார்: அ, வழக்கைத் திரும்பப் பெற அனுமதிக்கவும், ஆ, புது வழக்குப் போட உரிமை வழங்கவும்.

"இதை வாசிச்சுக் காட்டும்மா."

வாசித்தார்.

"கோர்ட் 'அ'வைக் கொடுத்து 'ஆ'வைத் தள்ளிட்டா?"

"அப்படிப் பிரிக்கக் கூடாதுன்னு தீர்ப்பு இருக்கே சார். கொடுத்தா ரெண்டும் சேத்துக் கொடுக்கணும், இல்லேன்னா மனுவையே தள்ளணும். தள்ளினா வழக்கு அப்படியே நடக்கும்."

"இருக்கு. அப்ப நாம ஏன் பிரிச்சுக் கேக்கணும்?"

அவர் பேனாவை எடுத்து இரண்டையும் அடித்துவிட்டு, கீழே ஒரே வாக்கியமாக எழுதினார். இதே விஷயம் குறித்துப் புதிய வழக்குத் தொடரும் உரிமையுடன் இவ்வழக்கைத் திரும்பப் பெற மனுதாரருக்கு அனுமதி அளிக்க வேண்டுமாய். எழுதி முடித்து ஒருமுறை படித்தார். பிறகு நாள்காட்டியை எடுத்து, அறிவிப்புக்கான இரண்டு மாதத்தை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். நான் கட்சிக்காரருக்குப் போன் போட்டு, கையெழுத்துக்குத் திங்கட்கிழமை காலையில் வரச் சொன்னேன்.